லேபில் சிடி, டிவிடி நகல் எடுப்பதில் வரும் சிக்கல்கள்: கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

ப்ராஜெக்ட் ஒப்படைக்கும் நாளுக்கு முந்தைய மாலை ஒரு மாணவி என் மேசைக்கு வந்து ஒரு சிடியை நீட்டினார். "சார், எழுதின சிஸ்டத்துல திறக்குது. பக்கத்து சிஸ்டத்துல போட்டா ஒண்ணுமே இல்லைன்னு காட்டுது." ஏற்கெனவே மூன்று சிடி எழுதிப் பார்த்துவிட்டார், இது நான்காவது. நான் அதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். உள்வட்டத்தை ஒட்டி ஒரு விரல் அகலத்துக்கு நிறம் சற்று மாறி, ஒரு வளையம் தெரிந்தது. அப்படியென்றால் லேசர் எழுதியிருக்கிறது, டேட்டா உள்ளே இருக்கிறது. செஷனை, அதாவது எழுதிய தொகுப்பை, முடித்து மூடாமலே வட்டை வெளியே எடுத்திருக்கிறார், அவ்வளவுதான். எழுதிய சிஸ்டத்திலேயே திரும்பப் போட்டு செஷனை மூடினோம். இரண்டு நிமிடத்தில் எல்லா சிஸ்டத்திலும் திறந்தது. முதல் மூன்று சிடியிலும் இதே பிரச்சினைதான். ஒன்றில்கூட வட்டில் குறையில்லை.

நகல் எடுப்பது என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வதற்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன. மூல வட்டைப் படிப்பது ஒன்று, புது வட்டில் எழுதுவது இன்னொன்று. கோளாறு எந்த வேலையில் என்று தெரியாமல் வட்டை மாற்றுவதும், சிஸ்டத்தை மாற்றுவதும், மென்பொருளை மாற்றுவதும் நேரத்தைத் தின்றுவிடும். இந்த வழிகாட்டி முழுக்க அந்தப் பிரிவினையை வைத்தே நடக்கிறது. பழைய பாடநூல்களோடு வந்த சிடிகள், மொழி ஆய்வகத்தின் ஒலி வட்டுகள், ஆய்வுக் கருவிகளோடு வந்த மென்பொருள் வட்டுகள், முன்னாள் மாணவர்களின் ப்ராஜெக்ட் வட்டுகள் என்று லேபில் காப்பாற்றி வைக்க வேண்டியவை இன்னும் நிறைய இருக்கின்றன. அவற்றில் பல, வேறெங்கும் நகல் இல்லாதவை.

முதலில் கேட்க வேண்டியவை

மாணவர் "காப்பி ஆகலை" என்று வந்து நின்றால் உடனே மவுஸைக் கையில் எடுக்காதீர்கள். எத்தனை சதவீதத்தில் நின்றது, திரையில் வந்த செய்தி என்ன, மூல வட்டு வேறு சிஸ்டத்தில் திறக்கிறதா, இதே வகை வட்டில் இதற்கு முன்பு எழுத முடிந்ததா. இந்த நான்கையும் கேளுங்கள். செய்தியை மூடிவிட்டு வந்திருந்தால், மறுபடி செய்து பார்த்து, சொல் மாறாமல் எழுதி வரச் சொல்லுங்கள்.

சதவீதம் நிறையச் சொல்லும். எழுத ஆரம்பித்தவுடனேயே, பூஜ்யம் அல்லது ஒரு சதவீதத்தில் நின்றால், வட்டின் வகை டிரைவுக்கு ஒத்துவரவில்லை, அல்லது எழுதும் அனுமதி இல்லை, அல்லது லேசர் தன் சக்தியை அளந்து பார்க்கும் சோதனையிலேயே தோற்றுவிட்டது. நடுவில் நின்றால் மூல வட்டில் கீறல் இருக்கலாம், அல்லது டேட்டா போதிய வேகத்தில் வந்து சேரவில்லை. தொண்ணூறுகளைத் தாண்டி நின்றால் வட்டின் வெளிவிளிம்பைச் சந்தேகியுங்கள். சிடியும் டிவிடியும் உள்ளிருந்து வெளிப்பக்கமாக எழுதப்படுபவை. விரல் படுவதும், வட்டு லேசாக வளைந்திருந்தால் அது அதிகமாகத் தெரிவதும் வெளிவிளிம்பில்தான். எழுதி முடித்து, சரிபார்க்கும் கட்டத்தில் மட்டும் பிழை வந்தால், எழுதியதன் தரம் மோசம் என்று அர்த்தம். பெரும்பாலும் வேகத்தைக் குறைத்தாலே அது சரியாகிவிடும்.

படிப்பதையும் எழுதுவதையும் பிரித்துவிடுங்கள்

ஒரு டிரைவில் மூலத்தையும் இன்னொரு டிரைவில் புது வட்டையும் போட்டு நேரடியாக நகல் எடுக்கும் வசதி பல மென்பொருள்களில் உண்டு. வேகமாக முடியும் என்பதால் மாணவர்களுக்குப் பிடிக்கும். ஆனால் கோளாறு வரும்போது குற்றவாளி எந்த டிரைவ் என்று சொல்ல முடியாது. படிக்கும் டிரைவ் ஒரு கீறலில் தடுமாறி நின்றால், எழுதும் டிரைவுக்கு டேட்டா வராமல் போய், பழைய டிரைவாக இருந்தால் புது வட்டும் வீணாகும். அதனால் லேபில் நேரடி நகல் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

முதல் படி: மூல வட்டை ஹார்ட் டிஸ்க்கில் ஒரு இமேஜ் ஃபைலாக, அதாவது வட்டு முழுவதன் நகலும் அடங்கிய ஒரே ஃபைலாக, எடுங்கள். டேட்டா மட்டும் உள்ள வட்டு என்றால் ஐஎஸ்ஓ என்ற வகை இமேஜ் போதும். லினக்ஸில் கே3பி, பிராசெரோ போன்றவை இதைச் செய்யும். விண்டோஸில் ஐஎஸ்ஓவை எழுதும் வசதி விண்டோஸ் 7 முதல் உள்ளேயே இருக்கிறது, ஆனால் வட்டிலிருந்து இமேஜ் எடுக்கத் தனி மென்பொருள் தேவை.

இரண்டாவது படி: இமேஜின் அளவைப் பாருங்கள். 80 நிமிட சிடியில் சுமார் 700 எம்பிதான் கொள்ளும், 74 நிமிட சிடியில் 650. ஒற்றை அடுக்கு டிவிடியின் உறையில் 4.7 ஜிபி என்று போட்டிருந்தாலும் விண்டோஸ் அதை 4.38 ஜிபி என்றே காட்டும். உறையில் இருப்பது ஆயிரத்தின் பெருக்கக் கணக்கு, விண்டோஸ் போடுவது 1,024இன் பெருக்கக் கணக்கு. இமேஜ் 7 ஜிபிக்கு வந்தால் மூலம் இரட்டை அடுக்கு வட்டு. அதை ஒற்றை அடுக்கில் எழுதவே முடியாது. இன்னொரு நுணுக்கம்: பிளஸ் ஆர் (DVD+R) டிவிடியின் கொள்ளளவு, டேஷ் ஆர் (DVD-R) டிவிடியைவிட ஏறத்தாழ 7 எம்பி குறைவு. விளிம்பு வரை நிரம்பிய டேஷ் ஆர் வட்டின் இமேஜ், பிளஸ் ஆரில் இடம் போதாமல் மறுக்கப்படும்.

மூன்றாவது படி: இமேஜை எங்கே சேமிக்கிறீர்கள் என்று கவனியுங்கள். பென் டிரைவில் நேராகச் சேமித்தால் டிவிடி இமேஜ் சரியாக 4 ஜிபியில் நின்றுபோவதை நிறையப் பார்த்திருக்கிறேன். மாணவர்கள் அதைப் படிக்கும் கோளாறு என்றே நினைக்கிறார்கள். அந்தப் பென் டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கும். அதில் ஒரு தனி ஃபைல் 4 ஜிபியைத் தொட முடியாது. என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் உள்ள இடத்துக்கு மாற்றினால் போதும்.

இமேஜ் முழுசாக வந்துவிட்டதா? அப்படியென்றால் படிக்கும் பக்கம் சுத்தம். இனி வரும் பிழையெல்லாம் எழுதும் பக்கத்தைச் சேர்ந்தது. மூல வட்டை உறையில் போட்டு எடுத்து வைத்துவிடுங்கள், அதற்கு இனி வேலை இல்லை.

ஒலி வட்டுகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை. மொழி ஆய்வகத்தின் ஒலி சிடியை எக்ஸ்ப்ளோரரில் திறந்தால் சிடிஏ என்ற பெயரில் வரிசையாக ஃபைல்கள் தெரியும். ஒவ்வொன்றும் 44 பைட் மட்டுமே. அவை பாடலுக்கான முகவரிச் சீட்டு மாதிரி, ஒலி அதற்குள் இல்லை. அதை இழுத்துப் போட்டு எழுதிவிட்டு "சத்தம் வரலை" என்று வருபவர்கள் உண்டு. ஒலி வட்டையும், ஒலியும் டேட்டாவும் கலந்த வட்டையும் ஐஎஸ்ஓவாக எடுக்க முடியாது. பின், க்யூ என்று இரண்டு ஃபைலாக எடுக்கும் முறையையோ, மென்பொருளில் உள்ள ஆடியோ சிடி நகல் முறையையோதான் பயன்படுத்த வேண்டும்.

மூல வட்டு படிக்க மறுத்தால்

வட்டை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். பளபளக்கும் பூச்சில் ஊசி முனையளவு துளைகள் வழியாக ஒளி தெரிந்தால், அந்த இடத்தில் டேட்டா நிரந்தரமாகப் போய்விட்டது. இந்தச் சோதனையை சிடியில் அவசியம் செய்யுங்கள். சிடியில் டேட்டா அடுக்கு மேல்பக்கத்தில், பெயர் எழுதும் பக்கத்துக்கு மிக அருகில் இருக்கிறது. அதற்கு மேலே மெல்லிய பூச்சு மட்டுமே. அடிப்பக்கக் கீறல் 1.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக்கின் மேல் விழுகிறது, அதைப் பெரும்பாலும் சமாளிக்கலாம். மேல்பக்கக் கீறலைச் சமாளிக்க வழியே இல்லை. பால்பாயிண்ட் பேனாவால் சிடியில் எழுதக் கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். டிவிடியில் 0.6 மில்லிமீட்டர் தகடுகள் இரண்டை ஒட்டி, டேட்டாவை நடுவில் வைத்திருப்பதால் அந்த ஆபத்து குறைவு.

அடுத்து, துடையுங்கள். மெல்லிய, நூல் உதிராத பருத்தித் துணியை லேசாக ஈரமாக்கி, நடுத்துளையிலிருந்து விளிம்பு நோக்கி நேர்கோட்டில் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைக்கவே கூடாது. காரணம் இது: சிடியின் பிழைத் திருத்த முறை, டேட்டா எழுதப்பட்ட சுருள் தடத்தில் தொடர்ச்சியாக ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் வரை அழிந்துபோனால்கூட விட்டுப்போனதைக் கணக்கிட்டு மீட்டுவிடும். குறுக்காக விழும் கீறல் ஒவ்வொரு தடத்திலும் ஒரு புள்ளியை மட்டும் கெடுக்கிறது, திருத்த முறை அதைத் தாங்கிக்கொள்ளும். தடத்தை ஒட்டியே ஓடும் வட்டக் கீறல், தொடர்ந்து பல மில்லிமீட்டரை ஒரே இடத்தில் தின்றுவிடுகிறது.

துடைத்தும் படிக்கவில்லை என்றால் வேறு டிரைவில் போடுங்கள். இங்கேதான் லேபுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. வீட்டில் ஒரு டிரைவ், நம்மிடம் இருபது முப்பது. ஒரு டிரைவ் கைவிட்ட செக்டாரை (வட்டில் டேட்டா வைக்கப்படும் சிறு கட்டத்தை) இன்னொன்று எளிதாகப் படிப்பது மிகச் சாதாரணம். இதை முறையாகச் செய்ய லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற கருவி இருக்கிறது. முதல் சுற்றில் படிக்க முடிந்ததையெல்லாம் இமேஜில் போட்டுக்கொண்டு, முடியாத இடங்களை ஒரு வரைபட ஃபைலில் குறித்து வைக்கும். செக்டார் அளவை 2,048 பைட் என்று கொடுங்கள், டேட்டா வட்டுகளுக்கு அதுதான் அளவு. பிறகு பாதி இமேஜையும் வரைபடத்தையும் ஒரு பென் டிரைவில் எடுத்துக்கொண்டு, மூல வட்டோடு அடுத்த சிஸ்டத்துக்குப் போங்கள். அதே கட்டளையை அங்கே ஓட்டினால், விட்டுப்போன செக்டார்களை மட்டும் முயற்சி செய்யும். இமேஜ் 4 ஜிபிக்கு மேல் போகும் என்றால் பென் டிரைவ் ஃபேட்32 ஆக இருக்கக் கூடாது, மேலே சொன்ன அதே காரணம்தான்.

அப்படி ஒருமுறை, பழைய பயிற்சிக் குறிப்புகள் இருந்த ஒரு சிடியை ஐந்து சிஸ்டத்துக்குத் தூக்கிக்கொண்டு நடந்தோம். முதல் டிரைவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட செக்டார்கள் விடுபட்டிருந்தன. மூன்றாவதில் அது சில டஜன்களாகக் குறைந்தது. ஐந்தாவதில், மிகப் பழைய ஒரு டிரைவ், வட்டை மெதுவாக முனகிக்கொண்டே சுற்றி, மீதியையும் கொடுத்துவிட்டது. கூட இருந்த மாணவர்கள் அந்த எண்ணிக்கை பூஜ்யத்தை நோக்கி இறங்குவதைத் திரையில் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

படிக்கும் வேகத்தைக் குறைப்பதும் உதவும். 52 மடங்கு வேக டிரைவில் சிடி நிமிடத்துக்கு ஏறத்தாழ 10,000 சுற்று சுற்றுகிறது. லேசாக வளைந்த அல்லது காகித ஸ்டிக்கர் ஒட்டிய வட்டு அந்த வேகத்தில் ஆடும். ஸ்டிக்கர் ஒட்டிய வட்டைப் படிக்க 8 மடங்கு போதும்.

இதில் தெளிவாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. விலைக்கு வாங்கிய சில விளையாட்டு, மென்பொருள் வட்டுகளில் நகல் எடுப்பதைத் தடுக்கவே பிழையான செக்டார்களை வைத்திருப்பார்கள். திரைப்பட டிவிடிகளில் டேட்டா பூட்டப்பட்டிருக்கும். சுத்தமான, கீறலே இல்லாத வட்டு ஒரே இடத்தில் எல்லா டிரைவிலும் நின்றால் அதுதான் காரணம். அதை உடைக்க லேபில் முயற்சி செய்ய வேண்டாம். உரிமை உள்ளவரிடம் அனுமதியும் மாற்று வட்டும் கேளுங்கள். நம் சொந்த வேலை, அனுமதி பெற்றவை, லினக்ஸ் போலச் சுதந்திரமாகப் பகிரத் தந்தவை, இவற்றை மட்டும் நகல் எடுப்பது என்று லேபில் முன்பே சொல்லி வைத்துவிடுவது நல்லது.

எழுதும்போது நின்றால்

இமேஜ் நன்றாக இருக்கிறது, எழுதுவதுதான் தோற்கிறது. இந்த நிலையில் வேகத்தில் தொடங்குங்கள். எழுதும் வேகத்தை மென்பொருள் எப்போதும் உச்சத்தில் வைத்திருக்கும். சிடியை 16 மடங்கிலும் டிவிடியை 4 அல்லது 8 மடங்கிலும் எழுதிப் பாருங்கள். 80 நிமிட சிடி 16 மடங்கில் 5 நிமிடத்தில் முடிந்துவிடும். உச்ச வேகம் என்பது வெளிவிளிம்பில் மட்டும் எட்டப்படும் வேகம், அதனால் மிச்சமாகும் நேரம் நினைப்பதைவிடக் குறைவு. ரொம்பவும் குறைத்து 1 மடங்கில் எழுதினால் இன்னும் நல்லது என்று ஒரு நம்பிக்கை உண்டு. புதிய வட்டுகளின் சாயம் வேகமாக எழுதுவதற்கென்றே செய்யப்பட்டது, மிகக் குறைந்த வேகம் அவற்றுக்கு ஒத்துவராமலும் போகலாம். நடுத்தரமே சரி.

ஆரம்பத்திலேயே பவர் காலிபிரேஷன் பிழை என்று வந்தால்: எழுதத் தொடங்கும் முன் டிரைவ், வட்டின் உட்புறத்தில் அதற்கென ஒதுக்கிய சிறு பகுதியில் லேசரைச் சோதித்து, எவ்வளவு சக்தி வேண்டும் என்று முடிவு செய்கிறது. அந்தச் சோதனை தோற்றதையே இந்தச் செய்தி சொல்கிறது. வேறு நிறுவனத்தின் வட்டை அதே டிரைவில் போடுங்கள். எழுதினால், வட்டுக்கும் டிரைவுக்கும்தான் ஒத்துவரவில்லை. ஒவ்வொரு வட்டிலும் அது எந்த வகை என்ற அடையாளம் பதிந்திருக்கும், டிரைவின் ஃபர்ம்வேரில் (டிரைவுக்குள்ளேயே இருக்கும் மென்பொருளில்) அந்த வகைக்கு எப்படி எழுதுவது என்ற குறிப்பு இருக்க வேண்டும். பழைய டிரைவுக்குப் புது வட்டைத் தெரியாமல் போவதால் இது நடக்கிறது. ஃபர்ம்வேர் புதுப்பித்தால் தீரலாம். எந்த வட்டையும் ஏற்கவில்லை என்றால் லென்ஸில் தூசி, அல்லது லேசர் தேய்ந்துவிட்டது.

சிடிக்கும் டிவிடிக்கும் தனித்தனி லேசர் என்பதையும் மனதில் வையுங்கள். சிடிக்கு 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650. ஒரு டிரைவ் டிவிடியை அழகாக எழுதி, சிடியை மட்டும் மறுத்தால் ஆச்சரியப்பட வேண்டியதில்லை. அதை டிவிடிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

எழுதும் நடுவில் டேட்டா தீர்ந்துபோனதைச் சொல்லும் பஃபர் அண்டர்ரன் என்ற செய்தி இப்போது அபூர்வம். 2000க்குப் பிந்தைய டிரைவ்களில், டேட்டா வரத் தாமதமானால் லேசரை நிறுத்தி, விட்ட இடத்திலிருந்தே தொடரும் பாதுகாப்பு வந்துவிட்டது. மென்பொருளில் அந்த டிக் எடுக்கப்பட்டிருந்தால் மறுபடி போடுங்கள். ஆனால் பாதுகாப்பு இருக்கிறது என்பதற்காக டேட்டாவைத் தவணையில் ஊட்டக் கூடாது, ஒவ்வொரு நிறுத்தமும் வட்டில் ஒரு ஒட்டுப்போட்ட இடம்.

லேபுக்கே உரிய தடைகள்

வீட்டில் ஓடுவது லேபில் ஓடாததற்கு முக்கியக் காரணம் நெட்வொர்க். மாணவர்கள் சர்வரில் உள்ள பொது ஃபோல்டரிலிருந்தே நேராக எழுதப் பார்க்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். டிவிடி ஒரு மடங்கு என்பது நொடிக்கு ஏறத்தாழ 1.4 எம்பி. 16 மடங்கு என்றால் 22 எம்பி. நூறு மெகாபிட் நெட்வொர்க் ஒரு நொடிக்கு அதிகபட்சம் 12.5 எம்பிதான் கொடுக்கும், அதுவும் தனியாக இருந்தால். முப்பது பேர் ஒரே நேரத்தில் சர்வரைத் தொட்டால் ஒருவருக்குக் கிடைப்பது அரை எம்பிக்கும் கீழே. இந்த நிலையில் எந்த டிரைவும் ஒழுங்காக எழுதாது. இமேஜை முதலில் அந்தந்த சிஸ்டத்தின் ஹார்ட் டிஸ்க்குக்கு நகர்த்திவிட்டு, பிறகு எழுதச் சொல்லுங்கள். இந்த ஒரு விதியை மட்டும் போர்டில் எழுதி வைத்தாலே பாதிப் புகார்கள் நின்றுவிடும்.

அடுத்தது இடம். விண்டோஸ் எழுதப்போகும் ஃபைல்களை முதலில் பயனரின் ப்ரொஃபைலுக்குள் ஒரு தற்காலிக ஃபோல்டரில் குவிக்கிறது. லேபில் ஒவ்வொரு மாணவருக்கும் டிஸ்க் கோட்டா (இவ்வளவு இடம்தான் என்ற வரம்பு) வைத்திருந்தால், 4 ஜிபி எழுத முயலும்போது அந்தக் கோட்டா நிறைந்துவிடும். திரையில் வரும் செய்தி வட்டில் இடமில்லை என்பது போலத் தெரிவதால் குழப்பம் வரும். தற்காலிக ஃபோல்டரை வேறு பகுதிக்கு மாற்றுங்கள், அல்லது எழுதுவதற்கென்றே கோட்டா இல்லாத ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அனுமதியும் பாருங்கள். விண்டோஸ் க்ரூப் பாலிசியில் சிடி எழுதும் வசதியை நீக்கும் அமைப்பு ஒன்று, சிடி டிவிடியில் எழுத மறுக்கும் அமைப்பு இன்னொன்று என இரண்டு தனி இடங்களில் பூட்டு இருக்கலாம். ஒன்றைத் திறந்துவிட்டு இன்னொன்றை மறந்துபோவது வழக்கம். அட்மின் கணக்கில் எழுதுகிறது, மாணவர் கணக்கில் எழுதவில்லை என்றால் காரணம் இதுதான். லினக்ஸில் பயனரை சிடிராம் க்ரூப்பில் சேர்க்க வேண்டியிருக்கும், சேர்த்த பின் ஒருமுறை லாகவுட் செய்து வர வேண்டும்.

ரீஸ்டார்ட் செய்தால் சிஸ்டத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுபோகும் மென்பொருள் பல லேப்களில் உண்டு. எடுத்து வைத்த இமேஜ் மறுநாள் காணாமல் போனால் யாரும் அழிக்கவில்லை, ரீஸ்டார்ட்தான் அழித்தது. அந்த மென்பொருள் பழைய நிலைக்குக் கொண்டுபோகாத பகுதியில் இமேஜைச் சேமிக்க வேண்டும். ஃபர்ம்வேர், டிரைவர் எதைப் புதுப்பித்தாலும் அந்த மென்பொருளை முதலில் நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.

எழுதும் நேரத்தில் ஸ்லீப் மோடு, முழு வைரஸ் ஸ்கேன் இரண்டும் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிரைவே தெரியவில்லை என்றால்

சிஸ்டம் தொடங்கும்போதே திறக்கும் பயாஸ் அமைப்புத் திரையில் டிரைவ் தெரிகிறதா என்று பாருங்கள். அங்கேயே இல்லையென்றால் கேபிள். மேசைக்கு அடியில் கால் பட்டே பாதிக் கேபிள்கள் தளர்ந்திருக்கும். பயாஸில் தெரிந்து விண்டோஸில் மட்டும் தெரியாமல், டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியோடு கோட் 19 அல்லது 39 என்று வந்தால், முன்பு நிறுவி நீக்கிய எழுதும் மென்பொருள் ரெஜிஸ்ட்ரியில் அப்பர் ஃபில்டர்ஸ், லோயர் ஃபில்டர்ஸ் என்ற பதிவுகளை விட்டுப் போயிருக்கிறது. சிடிராம் வகைக்குரிய கீயில் மட்டும் அவற்றை நீக்கி ரீஸ்டார்ட் செய்தால் டிரைவ் வந்துவிடும். ரெஜிஸ்ட்ரியை முதலில் பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள், இதை மாணவர் கையில் விட வேண்டாம். வெளியே இணைக்கும் யூஎஸ்பி டிரைவ் எழுதும்போது மட்டும் அறுந்துபோனால் மின்சாரம் போதவில்லை. முன்பக்க போர்ட்டை விட்டுப் பின்பக்க போர்ட்டில் நேராகச் செருகுங்கள், ஹப் வேண்டாம்.

இங்கே திறக்கிறது, அங்கே திறக்கவில்லை

அந்த மாணவியின் சிக்கல்தான் இது. விண்டோஸில் காலி வட்டைப் போட்டதும் இரண்டு வழி கேட்கும். பென் டிரைவ் போலப் பயன்படுத்துவதா, சிடி டிவிடி பிளேயரில் ஓடும்படியா என்று. முதலாவதைத் தேர்ந்தால் ஃபைலை இழுத்துப் போடப் போட உடனே எழுதும். ஆனால் செஷனை மூடும் வரை வேறு சிஸ்டத்துக்கு அந்த வட்டு காலி மாதிரி தெரியலாம், பழைய சிஸ்டங்கள் மூடிய பிறகும் படிக்காமல் போகலாம். ஒப்படைக்கப் போகும் வட்டுக்கு எப்போதும் இரண்டாவது வழியே. ஏற்கெனவே முதல் வழியில் எழுதியிருந்தால் வட்டை ரைட் கிளிக் செய்து செஷனை மூடுங்கள். சிடியில் முதல் செஷனை மூட ஏறத்தாழ 22 எம்பியும், அடுத்தடுத்த ஒவ்வொன்றுக்கும் 13 எம்பிக்குமேலும் இடம் போகும் என்பதால், நிரம்பும் தறுவாயில் உள்ள வட்டை மூடவே முடியாமல் போவதும் உண்டு.

வட்டைத் திறந்தால் உள்ளே ஒரே ஒரு ஐஎஸ்ஓ ஃபைல் மட்டும் இருக்கிறதா? இமேஜை எழுதுவதற்குப் பதில் இமேஜ் ஃபைலையே சாதாரண ஃபைல் போல இழுத்துப் போட்டிருக்கிறார்கள். பூட் ஆகாத லினக்ஸ் வட்டுகளில் இதை நான் மிக அதிகமாகப் பார்க்கிறேன். ஐஎஸ்ஓவை ரைட் கிளிக் செய்து வட்டு இமேஜை எழுது என்ற வழியில் போக வேண்டும்.

அழித்து மறுபடி எழுதக்கூடிய ஆர்டபிள்யூ (RW) வட்டுகள், குறிப்பாக சிடி ஆர்டபிள்யூ, ஒளியைத் திருப்பி அனுப்புவது சாதாரண எழுதும் வட்டைவிட மிகவும் குறைவு. பழைய டிரைவ்கள் அவற்றைப் படிக்கத் திணறும். ஒத்திகைக்கு ஆர்டபிள்யூ, ஒப்படைக்க ஒருமுறை மட்டும் எழுதும் ஆர்.

தமிழில் பெயர் வைத்த ஃபைல்களில் ஒரு சிக்கல் உண்டு, இதைப் பலரும் கவனிப்பதில்லை. சிடிகளின் அடிப்படை முறையான ஐஎஸ்ஓ 9660இன் முதல் நிலையில் எட்டு எழுத்துப் பெயரும் மூன்று எழுத்துப் பின்னொட்டும்தான், அதுவும் ஆங்கில எழுத்தில். தமிழ்ப் பெயர் பிழைக்க வேண்டுமானால் ஜோலியட் அல்லது யூடிஎஃப் முறையில் எழுத வேண்டும். ஜோலியட்டில் பெயருக்கு 64 எழுத்து வரை இடம். ஆனால் யூனிகோடில் "தமிழ்" என்ற சொல் மூன்று எழுத்தாக எண்ணப்படுவதில்லை. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து. "இறுதியாண்டு ப்ராஜெக்ட் அறிக்கை" என்ற பெயர் நம் கண்ணுக்கு இடைவெளியோடு 17, கணினிக்கு 30. இதோடு பெயர், துறை, ஆண்டு எல்லாம் சேர்த்தால் 64ஐ எளிதில் தாண்டிவிடும். பெயர் நடுவில் வெட்டுப்பட்டு, இரண்டு ஃபைல்கள் ஒரே பெயருக்கு வந்து, மென்பொருள் ஒன்றை மாற்றிவிடும். அப்புறம் ஆவணத்துக்குள் இருக்கும் இணைப்புகள் திறக்காது. பெயரைச் சுருக்குங்கள், ஃபோல்டருக்குள் ஃபோல்டராக ஆழமாகப் போகாதீர்கள்.

சரிபார்த்த பிறகே கையில் கொடுங்கள்

எழுதிய பின் சரிபார் என்ற டிக்கை எப்போதும் போட்டு வையுங்கள். நேரம் இரட்டிப்பாகும், பரவாயில்லை. முக்கியமான வட்டுக்கு ஷா256 மதிப்பை (டேட்டாவிலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்ணை) இமேஜிலிருந்தும் எழுதிய வட்டிலிருந்தும் எடுத்து ஒப்பிடுங்கள். சிடியில் இரண்டும் ஒத்துவராமல், ஆனால் எல்லா ஃபைலும் நன்றாகத் திறந்தால் பயப்பட வேண்டாம். ட்ராக் ட்ராக்காக எழுதும் ட்ராக் அட் ஒன்ஸ் முறையில் எழுதும்போது ட்ராக்கின் கடைசியில் டேட்டாவைச் சேராத இரண்டு செக்டார்கள் ஒட்டிக்கொள்கின்றன. படிக்கும் கருவி அங்கே போய் இடறுகிறது. இமேஜின் அளவு எத்தனை செக்டாரோ அத்தனையை மட்டும் படித்து ஒப்பிட்டால் பொருந்திவிடும். வட்டு முழுவதையும் ஒரே மூச்சில் எழுதும் டிஸ்க் அட் ஒன்ஸ் முறையில் எழுதினால் இந்தத் தொல்லையே இல்லை.

கடைசியாக, எழுதிய டிரைவில் திறப்பதைச் சோதனை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வேறு சிஸ்டத்தில், முடிந்தால் வேறு நிறுவன டிரைவில் போட்டு, வட்டின் விளிம்புப் பகுதியில் இருக்கும் பெரிய ஃபைலைத் திறந்து பாருங்கள், அல்லது வட்டு முழுவதையும் ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி செய்து பாருங்கள். பெயரை மென்முனை மார்க்கரால் எழுதுங்கள்.

ஒவ்வொரு எழுதலையும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள்: சிஸ்டம் எண், வட்டின் வகை, வேகம், எத்தனை சதவீதத்தில் நின்றது, என்ன செய்தி. எங்கள் நோட்டில் ஒரு மாதத்திலேயே இரண்டு சிஸ்டம் எண்கள் மட்டும் திரும்பத் திரும்ப வந்தன. அந்த இரண்டிலும் படிப்பது பழுதில்லாமல் நடந்தது, எழுதுவது மட்டும் கெட்டிருந்தது. இரண்டு ட்ரேயின் முகப்பிலும் "படிக்க மட்டும்" என்று சின்னச் சீட்டு ஒட்டினோம். கீறல் விழுந்த பழைய வட்டுகள் வந்தால் இப்போது முதலில் போவது அந்த இரண்டு சிஸ்டத்துக்குத்தான்.